விட்ட பறவையும் வாடகை வீரமும்

ஐப்பசி மாதம் பிறந்து வயல்களிலே பெரும்போக விதைப்பு நடைபெறும் காலத்தில், கல்முனைக் கரையோரத்திற்கு விருந்தினர் சிலர் வந்துசேர்கின்றனர். வட ஆசியாவின் குளிரை விட்டு ஆயிரக்கணக்கான மைல் பறந்துவரும் உள்ளான்கள் வட்டைகளின் சேற்றில் இறங்கி, நீண்ட அலகினாற் புழு கிளறுகின்றன. களப்புகளின் மேலே ஆலாக்கள் வட்டமிடுகின்றன. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என வயல் விரிந்துகிடக்கும் இடமெங்கும் இக்காட்சியைக் காணலாம். இவற்றை எவரும் அழைத்ததில்லை. எவரும் கூண்டிலேற்றிக் கொணர்ந்ததில்லை. இவை இன்ன கிழமை இன்ன வயலில் இறங்கும் என எவரும் அட்டவணை போட்டு ஒட்டியதுமில்லை. பங்குனி கழிய, வந்த வழியே திரும்பிச் செல்கின்றன.

இப்பறவைகளைப் பிடித்தும் சுட்டும் உண்டவர்கள் இக்கரையில் இல்லாமலில்லை. மட்டக்களப்புத் தமிழகத்தின் பேச்சுவழக்கிலே வேட்டையாடுபவனுக்கு ‘வெடிக்காரன்’ என்று பெயர். கையிலொரு பழந்துவக்கும் மடியிற் சில தோட்டாக்களுமாகக் காடும் களப்பும் அலைந்தவன் அவன். அவனை ஒரு காவிய நாயகனாக்கிப் பாட வேண்டிய தேவை எதுவுமில்லை. கட்டுத்துவக்கு வைத்துக் கண்டதையும் கொன்றவர்கள் அவ்வினத்தில் இருந்தனர். இரவிலே வலை விரித்துக் கொக்கையும் நாரையையும் வாரியெடுத்துச் சந்தைக்கு அனுப்பியவர்களும் இருந்தனர். ஆயினும் அவன் தொழிலில் ஓர் உண்மை இருந்தது. பறவை எங்கே இறங்கும் என்பதை அவன் தானே கற்றறிய வேண்டியிருந்தது. பெரும்பாலான நாள்களில் அவன் வெறுங்கையுடனேயே திரும்பினான். ஏனெனில் பறவை அவனுக்காகப் படைக்கப்பட்டதன்று. அதற்கென்றொரு வாழ்வு இருந்தது. அவ்வாழ்வின் விதிகளை அறியாதவன் கையில் அது அகப்படவில்லை.

இவ்வுண்மையை முற்றாகத் துடைத்தெறிந்த ஒரு வேட்டை முறை இன்று உலகிலே வளர்ந்து நிற்கின்றது. பண்ணையிலே குஞ்சு பொரிக்கச்செய்து, தீனியிட்டு வளர்த்து, பருவம் வந்ததும் பெட்டிகளில் ஏற்றிச் சென்று, பொதுமக்களுக்குரிய நிலத்திலே திறந்துவிட்டு, பின்னர் அவற்றையே துரத்திச் சுட்டு மகிழ்தல் என்பது அதன் சுருக்கம். இதற்கு வேட்டை என்ற பெயர் வழங்குகின்றது. வீரம், மரபு, இயற்கைக் காதல் என்ற அடைமொழிகளும் சேர்கின்றன. இப்பெயர்களுக்கு அது உரியதா என்பதே கேள்வி.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இதன் தெளிவான வடிவத்தைக் காணலாம். அங்கே சுடப்படும் பெசன்ற் என்னும் பறவை அந்நாட்டுக்குரியதேயன்று. மயிலும் காட்டுக்கோழியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த இந்த ஆசியப் பறவையைச் சாங்காய் நகரில் அமெரிக்கக் கொன்சல் ஜெனரலாக இருந்த ஓவன் டெனி என்பவர் 1881, 1882ஆம் ஆண்டுகளிலே கப்பலேற்றி ஒரேகன் மாநிலத்திற்கு அனுப்பினார். வந்த பறவை வேலியோரப் புதர்களிலும் தானிய வயல்களின் விளிம்புகளிலும் பல்கிப் பெருகிற்று. அக்காலத்தில் அது தானே கூடு கட்டி, தானே குஞ்சு வளர்த்துத் தன் காலில் நின்ற பறவை என்பதை மறுக்கவியலாது. பின்னர் பெருமுதற் கமத்தொழில் வந்தது. வேலிகள் பிடுங்கப்பட்டன, புதர்கள் எரிக்கப்பட்டன, ஒரே பயிர் அடிவானம் வரை விரிந்தது. பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் 1970களுக்குப் பின்னர் பெசன்ற் கூட்டம் சரிந்து வீழ்ந்தது. நிலத்தைக் கெடுத்தவர்கள் நிலத்தைத் திருத்துவதை விடுத்து, எளிதானதொரு வழியைப் பெரிதாக்கினர். பறவை தானாக வளரவில்லையா? பண்ணையில் வளர்த்து லொறியில் ஏற்று!

இப்போது அம்மாநிலத்தின் அரச நிறுவனமே ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பெசன்றுகளை வேட்டைக்காலத்தையொட்டி நிலத்தில் விடுகின்றது. நியூயோர்க் மாநிலத்தின் பண்ணை ஏறத்தாழ முப்பதாயிரம் பறவைகளை விடுகின்றது. வலையடைப்பினுள் நெருக்கமாக வளர்பவை ஒன்றையொன்று கொத்தியே கொன்றுவிடும் என்பதால், பண்ணைகளில் அவற்றின் அலகின்மேல் நெகிழியாலான கண்மறைப்பு மாட்டப்படுவதுண்டு. நேரே எதிரிலுள்ளதைக் காணவொட்டாது அது தடுக்கின்றது. விடுதலைக்குச் சற்று முன்னர் அது கழற்றப்படுகின்றது. அதாவது, தன் எதிரே நிற்பது என்னவென்று அப்பறவை பார்க்கத் தொடங்கும் நாள்களும், அதன்மேல் துவக்கு நீளும் நாள்களும் ஏறத்தாழ ஒன்றே. எந்தக் காட்டில், எந்தக் கிழமை பறவை விடப்படும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றது. நாளொன்றுக்கு இத்தனை பறவை என்ற வரம்பும் உண்டு. நரிக்கும் கழுகுக்கும் அஞ்சக் கற்காத, இரைதேடப் பழகாத இப்பறவைகளுட் குளிர்காலத்தைத் தாண்டுபவை மிகச் சில. துவக்குக்குத் தப்பியது நரிக்கு. நரிக்குத் தப்பியது பனிக்கு.

வேட்டைச்சீட்டின் வருமானத்தாலும், துவக்கின்மீதும் தோட்டாவின்மீதும் 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த வரியினாலுமே அந்நாட்டின் காடுகள் பல காக்கப்படுகின்றன என்று இம்முறையின் ஆதரவாளர் கூறுவர். இதிலே உண்மை இல்லாமலில்லை. அவ்வரியாற் பயன்பெற்ற சதுப்பு நிலங்களும் மான்களும் உண்டு. ஆனால் பண்ணைப் பெசன்றின் கணக்கு வேறு. பென்சில்வேனியாவிலே அது பணத்தை ஈட்டித்தந்த செல்லப்பிள்ளையன்று; பணத்தை விழுங்கிய பிள்ளை. செலவு தாங்காமல் நான்கு பண்ணைகளுள் இரண்டை மூடி, 2017 முதல் பெசன்றுக்கென்றே தனிச்சீட்டு விற்கவேண்டிய நிலை அந்நிறுவனத்துக்கு ஏற்பட்டது. அப்பணத்தில் ஒரு பகுதியையேனும் புதர்வேலி நட்டு வளர்க்கச் செலவிடின், பறவை தானே திரும்பி வராதா என்று கேட்டவர்களும் அங்கிருந்தனர். அம்முயற்சிகளும் சில இடங்களில் நடந்தன. ஆனால் புதர் வளரப் பல ஆண்டு வேண்டும். லொறி வர ஒரு மணிநேரம் போதும்.

பிரித்தானியாவில் விடப்படும் தொகை கோடிக்கணக்கானது. அங்கே பெரும்பகுதி தனியார் பெருநிலங்களிலே நடைபெறுவதால் அதனை நிலவுடைமை வர்க்கத்தின் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடலாம். ஆயினும் ஒரு செய்தி கவனத்துக்குரியது. வேல்ஸ் நாட்டிலே அரசுக்குரிய காடுகளிற் சில பெசன்ற் சுடுவதற்கெனக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன. மக்கள் நிலத்தில் இக்காரியம் நடைபெறுதல் தகுமா என்ற வாதம் எழுந்தபோது, அந்நிலங்களை நிருவகிக்கும் நிறுவனம் 2018இல், அக்குத்தகைகளைப் புதுப்பிப்பதில்லை எனத் தீர்மானித்தது. வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை.

தமிழ் மரபிலும் வேட்டை போற்றப்பட்டதன்றோ எனக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, இறுதியாக உடும்பிலே தைத்து நின்றதைப் புறநானூற்றிலே வன்பரணர் வியந்து பாடினார். ஆயின் ஓரி எய்த பன்றி ஓரி வளர்த்துவிட்ட பன்றியன்று. முதல்நாள் தொழுவத்திலே தவிடு தின்று வளர்ந்த பன்றியை மறுநாள் கொல்லிமலையில் அவிழ்த்துவிட்டு அவன் எய்திருந்தால், வன்பரணர் என்ன பாடியிருப்பார்? பாடியிருக்கமாட்டார், அங்கதம் வேண்டுமானால் பாடியிருக்கலாம். அதே மரபிலேதான் பெசன்ற் குடும்பத்துப் பறவையாகிய மயில் குளிருக்கு நடுங்குகின்றதென எண்ணிப் போர்வை ஈந்த பேகனும் இருக்கின்றான். தினைப்புனத்திலே பரண்மீதிருந்து கிளியைக் கொல்லாது ஓட்டிய குறிஞ்சிப் பெண்களும் இருக்கின்றனர். பயிரைக் காத்தல் வேறு, பறவையை இலக்காக்குதல் வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. (அமெரிக்கர் தம் பறவைகளைக் காசு கொடுத்து வளர்த்துச் சுட, இந்நாட்டிலோ 2025 மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்தே நிமிடத்திற்குள் தோட்டத்திலுள்ள குரங்கையும் மயிலையும் பயிரழிக்கும் பிராணிகளென எண்ணிக் கணக்குக் கொடுக்குமாறு மக்கள் கேட்கப்பட்டனர். பேகனை அன்று எங்கேனும் கண்டிருந்தால் அவன் என்ன கணக்கு எழுதிக் கொடுத்திருப்பான் என்பது சுவையான கற்பனை.)

பொது நிலத்தைத் துவக்குக்காரக் கனவான்களுக்கென ஒதுக்கும் பழக்கம் இலங்கைக்குப் புதியதன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்திலே, ஆயிரத்து நானூறு யானைகள் வரை சுட்டதாகப் பெயர்பெற்ற மேஜர் றொஜர்ஸ் போன்றவர்கள் இந்நாட்டின் காட்டை ஓர் எல்லையற்ற சுடுகளமாகவே கண்டனர். (அவர் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார்.) காட்டு விலங்கு குறைந்ததும் அதே வர்க்கத்தினர் 1894இல் வேட்டைப் பிராணிகளைப் பாதுகாக்கும் சங்கம் ஒன்றை நிறுவினர். 1900இல் யால சரணாலயமாக்கப்பட்டது. அதனை அடுத்துக் கிடந்த காடு ‘வதிவிட விளையாட்டு வேட்டையாளர் ஒதுக்ககம்’ எனப் பெயரிடப்பட்டு, சீட்டுப் பெற்ற தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் சுட்டு மகிழ வழிசெய்யப்பட்டது. காட்டோரக் கிராமத்தான் இறைச்சிக்காகச் சுட்டால் அது களவு. துரை சுட்டால் அது விளையாட்டு. சட்டத்தின் மொழியே வர்க்கத்தின் மொழியாக இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விடுவித்துப் பிடித்தலும் அப்போதே தொடங்கியது. நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் இங்கிலாந்தின் நினைவு வாட்டியவர்கள் 1880கள் முதல் திரவுற் மீன் முட்டைகளை வருவித்துப் பொரிக்கச்செய்து, ஓடைகளிலும் ஹோட்டன் சமவெளியின் நீர்நிலைகளிலும் விட்டுத் தூண்டிலிட்டு மகிழ்ந்தனர். அம்மீன் ஏழையின் சட்டியை எட்டவில்லை. எட்டவேண்டும் என விடப்பட்டதுமில்லை. பெசன்றுக்கான ஏக்கமும் அவர்களை விடவில்லை. இந்தியாவுக்குப் புதிதாய் வந்திறங்கிய வெள்ளைச் சிப்பாய்கள் வேலியோரத்துச் செண்பகத்தைப் பெசன்றென மயங்கிச் சுட்டுச் சமைத்து, வாயில் வைக்க முடியாமற் துப்பினர் என்பது பறவை நூல்களில் வரும் வேடிக்கைச் செய்தி. அப்பறவைக்கு ஆங்கிலத்திலே ‘காக்கைப் பெசன்ற்’ என்று இன்றும் ஒரு பெயருண்டு.

துரைமார் போய்விட்டனர். ஆனால் அவர்களின் வேட்டை வேறோர் உடையில், கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை மக்களுக்கு நன்கு பழக்கமான ஒரு திசையிலிருந்து தோற்றமளிக்கின்றது. 1970களின் பிற்பகுதி முதல் இவ்வூர்களின் ஆண்களும் பெண்களும் வளைகுடா நாடுகளுக்குச் சென்று சாரதிகளாகவும் வீட்டுப் பணியாளராகவும் கடைச் சிப்பந்திகளாகவும் உழைத்து வருகின்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். பணத்துடன் சில காட்சிகளும் வந்தன. வெண்ணங்கி அணிந்த சீமான், கையுறையின் மீது தலைமூடியிட்ட வல்லூறு, மணல்வெளியிற் புழுதி கிளப்பும் வாகன வரிசை என்பன அவை. டோஹாவின் சூக் வாகிஃப் சந்தையருகே வல்லூறுகளுக்கென்றே தனியொரு மருத்துவமனை இயங்குகின்றது. வல்லூறு வேட்டை 2010இல் மனித குலத்தின் மரபுச் சொத்தென யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இதனையெல்லாம் கண்டு, இது அறபுப் பாரம்பரியம், ஆகவே இஸ்லாமியப் பண்பாடு, ஆகவே பெருமைக்குரியது என மூன்று படியிலே தாவி முடிவுக்கு வருபவர்கள் இருக்கின்றனர். இம்மூன்று படிகளுள் முதலாவது மட்டுமே உறுதியானது.

வல்லூறு வேட்டையின் பெரும்பரிசு ஹுபாறா எனப்படும் கானமயில் இனப் பறவை. மத்திய ஆசியாவின் வறண்ட வெளிகளிலே இனம்பெருக்கும் இப்பறவையின் பெருங்கூட்டம் மாரிகாலத்தில் பாகிஸ்தானின் பலுச்சிஸ்தான், சிந்து, பஞ்சாப் மாகாணங்களுக்கு வருகின்றது, உள்ளான் கல்முனைக்கு வருவது போல. அறபு மணல்வெளியில் அது அருகிப்போகவே, வேட்டையாளர் அதைத் தேடிப் பாகிஸ்தானுக்குச் சென்றனர். அங்கே பாகிஸ்தான் குடிமகன் அதனை வேட்டையாடுதல் குற்றம். ஆனால் வளைகுடாவின் அரச குடும்பத்தினருக்கு வெளிநாட்டமைச்சே சிறப்பு அனுமதி வழங்குகின்றது. பத்து நாளில் நூறு பறவை என்பது அவ்வனுமதியின் வழக்கமான வரம்பு. 2014இல் சாகாய் மாவட்டத்திலே ஒரு சவூதி இளவரசரின் குழு மூன்று கிழமைக்குள் இரண்டாயிரத்து நூறு பறவைகளைக் கொன்றதாக வனத்துறை அலுவலரின் அறிக்கை ஒன்று பத்திரிகையிலே வெளியாயிற்று. 2015 ஓகஸ்ட் மாதத்தில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் இவ்வேட்டையை முற்றாகத் தடைசெய்தது. 2016 சனவரியில் அதே நீதிமன்றம் தன் தடையைத் தானே நீக்கிற்று. நட்பு நாடுகளின் மனம் நோகக்கூடாது என்ற அரசின் கவலைக்கு முன் ஒரு பறவையின் சட்டப் பாதுகாப்பு ஐந்து மாதமே தாக்குப்பிடித்தது.

இங்கேதான் பண்ணை வருகின்றது. பறவை தீர்ந்துபோகும் என்ற அச்சம் எழுந்ததும், வேட்டையை நிறுத்துவதற்குப் பதிலாகப் பறவையை உற்பத்தி செய்யும் வழி கண்டறியப்பட்டது. அபுதாபியின் சுவைஹானில் 1989இலும், மொறோக்கோவின் மிசூரில் 1995இலும் நிலையங்கள் எழுந்தன. செயற்கைமுறைக் கருக்கட்டலால் ஹுபாறாக் குஞ்சுகள் ஆயிரமாயிரமாய்ப் பொரிக்கப்படுகின்றன. இதுகாறும் இலட்சக்கணக்கானவை வளர்க்கப்பட்டுவிட்டன. பாகிஸ்தானின் சோலிஸ்தான் பாலைவனத்திலும் அமீரகத்திலிருந்து வந்த பறவைகள் விடப்பட்டுள்ளன. அழியும் இனத்தைக் காக்கும் அறிவியல் இதில் இல்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. அந்நிலையங்களின் ஆய்வால் அப்பறவையைப் பற்றிய அறிவு பெருகியுள்ளது என்பது உண்மை. ஆனால் மொறோக்கோவிலே விடப்படுபவற்றின் ஒரு பகுதி வேட்டைக்கென வகுக்கப்பட்ட நிலத்திலேயே விடப்படுகின்றது. பென்சில்வேனியாவின் லொறியும் மிசூரின் லொறியும் ஒரே திசையில்தான் ஓடுகின்றன. ஒன்றில் ஏழு மணி வேலை முடித்த தொழிலாளியும் சீட்டு வாங்கிச் சுடலாம். மற்றதில் இளவரசருக்கே இடமுண்டு. வேறுபாடு அவ்வளவே. சொல்லப்போனால் முன்னதில் ஒரு வகைச் சனநாயகமாவது இருக்கின்றது.

பொது நிலம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் எஞ்சுகின்றது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2021 நவம்பரில், கராச்சியின் மலிர்ப் பகுதியில், தம் கிராமத்து வெளியிலே ஹுபாறா வேட்டைக்கு வந்த வெளிநாட்டு விருந்தினரின் வாகனத்தை மறித்துக் கைப்பேசியிற் படம்பிடித்த ஓர் இளைஞர், அப்படத்தை அழிக்க மறுத்தமைக்காகத் தாக்கப்பட்டு உயிரிழந்தார். தம் ஊர் வெளியிலே நின்று கேள்வி கேட்டார் என்பதே அவர் செய்த குற்றம். விருந்தினருக்கு விடப்பட்ட நிலம் ஊராருக்கு அந்நியமாகிவிட்டதை அவர் உணரவில்லை, உணர்த்தப்பட்டார்.

மார்க்கத்தின் பெயராலே இவ்வேட்டைக்குப் பெருமை தேடுபவர்கள் மார்க்க நூல்களையே புரட்டுதல் நன்று. பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்ற அனுமதி திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயத்தில் உண்டு. அது உணவுக்கான அனுமதி. இந்நாட்டு முஸ்லிம்கள் பெரும்பான்மையாகப் பின்பற்றும் ஷாபிஈ சட்டநூல்கள், கைக்குள் அடங்கிய பிராணிக்கும் கைக்கு அடங்காத பிராணிக்கும் இடையே தெளிவான கோடு கிழிக்கின்றன. கைக்குள் இருப்பதை முறைப்படி அறுத்தாக வேண்டும். அம்பாலோ நாயாலோ வல்லூறாலோ வீழ்த்தலாம் என்ற சலுகை, பிடிக்க இயலாத காட்டுப் பிராணிக்கே உரியது. விடுவிக்கப்பட்டுப் பறந்துவிட்ட பறவை காட்டுப் பிராணியே எனச் சட்டநுணுக்கம் பேச இடமிருக்கலாம். ஆனால் சலுகையின் காரணம் என்ன? பிடிக்க வேறு வழியில்லை என்பதல்லவா? நேற்றுவரை கூண்டிலே கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை, இயலாமையை வேண்டுமென்றே உண்டாக்குவதற்காகத் திறந்துவிட்டு, பின்னர் இயலாமைக்கான சலுகையைக் கோருதல் எவ்வகை நியாயம்?

இதனிலும் நேரான சான்று ஸஹீஹ் முஸ்லிமிலே பதிவாகியுள்ளது. குறைஷி இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்த இடத்தை இப்னு உமர் (ரழி) கடந்துசென்றார். குறி தவறிய அம்பு ஒவ்வொன்றும் பறவையின் சொந்தக்காரனுக்கு என்பது அவர்களின் ஏற்பாடு. அவரைக் கண்டதும் இளைஞர் சிதறியோடினர். உயிருள்ளதை இலக்காக்கியவனை நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தியை அவர் அப்போது எடுத்துரைத்தார். இச்சம்பவத்தின் சிறு விவரம் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பறவையின் உடைமையாளன் ஒருவன் அங்கே நிற்கின்றான். விளையாட்டால் அவனுக்கு வருமானம் வருகின்றது. பறவையைத் தருபவன், அதற்குக் கட்டணம் செலுத்துபவன், குறி பார்க்கும் இன்பம் ஆகிய மூன்றும் ஏழாம் நூற்றாண்டிலேயே ஒன்றுகூடிவிட்டன. அந்தப் பறவையின் காலிலே கயிறு இருந்தது. இன்றைய பறவையின் காலிலே கயிறு இல்லை. தாய் கற்பிக்காத அச்சமும், பண்ணை கற்பித்த நம்பிக்கையுமே அதன் கயிறு.

பண்ணைக்கோழியை அறுத்து உண்பவர்களுக்கு இதைக் கேட்க என்ன தகுதி என்று வினவலாம். வலுவான வினாவே. கல்முனைச் சந்தையில் நாள்தோறும் அறுபடும் கோழிகளின் வாழ்வும் இன்பமயமானதன்று. ஆனால் கோழியை அறுப்பவன் தன்னை வீரன் என்று கூறிக்கொள்வதில்லை. அறுப்பது விரைவிலும் கூரிய கத்தியாலும் நடக்கவேண்டும் என்ற கட்டளை அவனுக்குண்டு. காயத்துடன் பறந்துபோய் எங்கோ ஒரு பற்றைக்குள் இரண்டு நாள் துடித்துச் சாகும்படி அவன் அதனை விடுவதில்லை. உணவுக்காகக் கொல்லுதலின் நியாயத்தை உணவின் பொருட்டு அல்லாத கொலைக்குக் கடன் கொடுக்க முடியாது.

இன்னொன்றும் கேட்கப்படலாம். இங்கினியாகலை நிலையத்திலே மீன்குஞ்சு வளர்த்து, அம்பாறை மாவட்டத்துக் குளங்களில் விட்டுப் பின்னர் பிடிக்கின்றனரே, அதுவும் இதுவும் ஒன்றல்லவா? ஒன்றன்று. குளத்தில் விடப்படும் மீன் அங்கே மாதக்கணக்கில் வளர்ந்து, பல மடங்கு பெருத்து, வலைக்காரனின் பிழைப்பாகவும் ஏழைக் குடும்பத்தின் புரதமாகவும் திரும்புகின்றது. குளத்தின் மேலே அதற்காக எவரும் வேலியிடுவதில்லை. குளிப்பவர் குளிக்கலாம், எருமை இறங்கலாம், வயலுக்கு நீர் பாயலாம். பெசன்றோ விடப்படும்போதே கொழுத்தது. நிலம் அதற்கு எதையும் ஊட்டுவதில்லை; சில நாள் மேடையாகப் பயன்படுகின்றது. பொது நிலத்தின் வளத்தைக் கூட்டும் விடுதலைக்கும், பொது நிலத்தை அரங்காக வாடகைக்கு எடுக்கும் விடுதலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே.

உல்லாசப் பயணத்தால் வருமானம் வருமே என்ற வாதத்துக்கு நெடிய மறுமொழி தேவையில்லை. இம்மாவட்டத்தின் தென்கோடியிலே குமண இருக்கின்றது. 1938 முதல் பறவைச் சரணாலயம். 2010இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. அங்கே நாரையையும் கூழைக்கடாவையும் காணப் பணம் செலவிட்டு வருகின்றனர். பார்க்கப்பட்ட பறவையை மறுநாளும் பார்க்கலாம் என்பது வணிகக் கணக்குத் தெரிந்த இக்கரையோரத்தாருக்கு விளக்கிக் கூறவேண்டிய செய்தியன்று.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. பறவையை வளர்த்து விட்டுவிடலாம் என்ற எண்ணம், நிலத்தை அழித்தாலும் குற்றமில்லை என்ற எண்ணத்தின் மறுபக்கம். அந்த எண்ணம் அமெரிக்காவுக்கோ அபுதாபிக்கோ மட்டும் உரியதன்று. கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மேற்கே கிடக்கும் கரைவாகு வட்டையைப் பார்த்தால் அது விளங்கும். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊர்கள் இவை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குள் புகுந்து பேரழிவைச் செய்தது. பின்னர் கிழக்குக் கரையில் இருநூறு மீற்றருக்குள் கட்டடம் எழுப்பலாகாது என அரசு முதலிலே விதித்தது. வீடிழந்தவர்கள் எங்கே போவர்? மேற்கே வயலும் சதுப்பும் தவிர வேறு நிலமில்லை. கிரவல் கொட்டப்பட்டது, வீடுகள் எழுந்தன. அக்குடும்பங்களைக் குறைகூறுபவன் மனிதனல்லன். ஆனால் வீடிழந்தோர்க்கெனத் தொடங்கிய நிரப்புதல் அவர்களோடு நிற்கவில்லை. காணி விலை ஏற ஏற, தேவையும் பேராசையும் ஒரே டிப்பரில் ஏறி வந்தன. மழை பொழிந்தால் நீர் தங்குமிடம் குறைந்தது. கார்த்திகை, மார்கழி வெள்ளம் வீட்டு முற்றத்தைத் தேடி வருவதற்குக் காரணம் வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

இங்கே பறவையின் நலனும் மனிதனின் நலனும் இரண்டல்ல. உள்ளான் இறங்கும் சேறே வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் பள்ளம். அதுவே சிறுமீன் வளரும் நீர். அதுவே கோடையிலே மாடு மேயும் தரை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் சில இனம் தவிர்ந்த ஏனைய பறவைகள் யாவற்றுக்கும் பாதுகாப்பளிக்கின்றன. இரவிலே வலை விரித்தவன் பிடிபட்டால் அவனுக்குத் தண்டம் உண்டு. அவ்வலையையும் விரிக்கத் தேவையில்லாதவாறு சதுப்பையே மூடிவிட்டவன் தண்டிக்கப்படுவது அரிது. பத்துப் பறவையைக் கொன்றவனைச் சட்டம் காண்கின்றது. பத்துத் தலைமுறைப் பறவைகளின் இறங்குதுறையை மூடியவனோ ஊர்ப் பெரியவனாக விழாக்களில் முன்வரிசையில் அமர்கின்றான்.

பெசன்றைப் பண்ணையில் வளர்க்கலாம். ஹுபாறாவைக் கூடக் கருக்கட்டிப் பொரிக்கலாம். உள்ளானை வளர்த்து லொறியில் ஏற்றிவரும் பண்ணை எங்கும் கிடையாது. ஈரச்சேற்றிலே அலகை முழுதாய்ப் புதைத்து இரைதேடும் அப்பறவை தீவனத் தொட்டியில் வாழ்வதன்று. கரைவாகில் நீர் நின்ற ஓர் ஏக்கரில் இவ்வாண்டு கிரவல் பரவப்பட்டால், வருகின்ற ஐப்பசியில் சைபீரியாவிலிருந்து வரும் கூட்டம் அதன்மேலே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அப்பால் எங்கேனும் போய் இறங்கும். அடுத்த ஏக்கரும் மூடப்பட்டால், அதற்கும் அப்பால். நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல்களில் இன்னும் சேறு இருக்கின்றது. விதைப்பு முடிந்த மாலைவேளைகளில் வரம்பிலே நின்றால், காலடியிலிருந்து கீச்சென்ற ஒலியுடன் உள்ளான் ஒன்று கிளம்பி, வளைந்து வளைந்து பறந்துபோவதை இன்னும் காணலாம்.